ரெண்டும் ஒரே மெஷின்தான்

செப்டம்பர் 19, வியாழன்

இரண்டாவது ஆண்டெனாவும் ஃபெயில். ரிப்போர்ட் நாளை எழுத வேண்டும்.

புது ப்ராஜெக்ட் கிடைத்ததற்காக மாலையில் எங்கள் ஐந்தாவது மாடி முழுக்கப் பார்ட்டி. பீட்சா. ஆர்டர் கொடுத்தவனுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது, பாதி மாடி சைவத்துக்கு மாறிவிட்டது, இவன் பாதிக்குப் பாதி சிக்கன் சொல்லியிருக்கிறான். வெஜ் பெட்டிகள் பறந்தன. சிக்கன் பெட்டிகளை எல்லோரும் தூர நின்று பார்த்தார்கள். வாரம் முழுக்கப் பிரியாணி தின்கிறவன்கூட என்னிடம், "புரட்டாசி மச்சி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

என் டீம் லீட் நெல்லையப்பன் சார் எதையுமே தொடவில்லை. திருநெல்வேலிக்காரர், பரம்பரைச் சைவம். இந்த மாதம் ஒருவேளைச் சாப்பாடு. மனைவிக்கு வயிற்றில் கட்டி, மாதக் கடைசியில் ஆபரேஷன், அதற்காக விரதம். இவர் பட்டினி கிடந்தால் அந்த அம்மாவின் கட்டி எப்படிக் கரையும் என்று கேட்க வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். எனக்கு ப்ரொபேஷன் முடிகிற நேரம். நிரந்தரம் ஆவதற்கு அவர்தான் எழுதித் தர வேண்டும்.

மீந்த சிக்கன் பீட்சாவில் நாலு துண்டை ஒரு பெட்டியில் போட்டு பான்ட்ரி ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன். குப்பைக்குப் போவதற்குப் பதில் நான் சாப்பிடலாம்.

செப்டம்பர் 20, வெள்ளி

மதியம் பீட்சா சாப்பிட்டேன். பழைய பீட்சாவை மைக்ரோவேவில் வைத்தால் செருப்பு மாதிரி ஆகிவிடுகிறது என்று புலம்புகிறவர்களுக்குச் சூடு பண்ணத் தெரியவில்லை, அவ்வளவுதான். முழு பவரில் வைக்கக் கூடாது. பக்கத்தில் ஒரு கப்பில் தண்ணீர் வைக்க வேண்டும்; அலையில் கொஞ்சத்தை அது வாங்கிக்கொள்ளும், ரொட்டி வறளாது.

பிறகு பான்ட்ரியில் ஒரே ரகளை.

அங்கே இரண்டு மைக்ரோவேவ். பச்சை ஸ்டிக்கர் ஒட்டியது சைவத்துக்கு, சிவப்பு அசைவத்துக்கு. இந்த ஏற்பாட்டை வேலையில் சேர்ந்த அன்றே பார்த்துச் சிரித்தவன் நான். யாரோ பச்சையில் சிக்கன் பீட்சாவைச் சூடு பண்ணியிருக்கிறார்கள். உருகின சீஸ் கோழித் துணுக்கோடு கண்ணாடித் தட்டில் வழிந்து கிடந்திருக்கிறது. அதன் மேலேயே நெல்லையப்பன் சார் தன் சாம்பார் சாத டப்பாவை வைத்துச் சூடு பண்ணி, பாதி சாப்பிட்ட பிறகு டப்பாவின் அடியைப் பார்த்திருக்கிறார்.

நான் போனபோது அவர் வாஷ்பேசினில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய ஒருவேளைச் சாப்பாடு. அட்மின் டென்சில் பக்கத்தில் நின்று முதுகைத் தடவினார்.

அறிவியல்படி டப்பாவின் அடியில் ஒட்டியது சாதத்துக்குள் போக வழியே இல்லை. அந்த அலைக்குச் சைவம் அசைவம் தெரியாது. தண்ணீரைத்தான் தெரியும்.

ரிப்போர்ட் இன்னும் முடியவில்லை.

செப்டம்பர் 21, சனி

துணி துவைத்தேன். மோட்டார் ரிப்பேர், இரண்டு பக்கெட் தண்ணீரில் ஒரு வாரத்துத் துணி. ஃபைசல் கட்டிலில் கிடந்தபடி கமென்டரி. அவனும் எங்கள் மாடிதான், சாஃப்ட்வேர் பக்கம். அறையும் ஒன்றுதான்.

"டேய் பரிதி, நேத்து நெல்லையப்பனுக்கு ஆனதுக்கு யார் காரணம்னு தெரியுமா?"

"யாரோ."

"யாரோவா? மாடி முழுக்க விரதம். நானும் நீயும்தான் பாக்கி. நான் நேத்து நோன்பு மாதிரி மீட்டிங்ல உக்காந்திருந்தேன்."

"சட்டைய நகத்து, பக்கெட் வைக்கணும்."

துல்லியமாக எழுதுவது நல்லது. சூடு பண்ணியது நான் இல்லை, பான்ட்ரி செல்லக்கிளி அக்கா. நான் லேபில் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன், நகர முடியாது. கதவருகே வந்தவரிடம், பக்கத்தில் தண்ணீர்க் கப் வைத்துப் பீட்சாவைச் சூடு பண்ணச் சொன்னேன். திரும்பி வந்து, "செவப்புல ஆறாவது மாடி ஆளுங்க நிக்கிறாங்க தம்பி, வெயிட் பண்ணணும்" என்றார்.

"பச்சைல வைங்க."

"அய்யோ, அது சைவத்துது."

"ரெண்டும் ஒரே மெஷின்தானுங்க்கா. ஸ்டிக்கர்தான் வேற. வைங்க, பசிக்குது."

ஒரே கம்பெனி, ஒரே மாடல். நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

செப்டம்பர் 23, திங்கள்

டென்சில் காலையில் லேபுக்கு வந்தார். நான் சேம்பருக்குள் இருந்தேன். சேம்பர் என்பது சுவர், கூரை எல்லாம் கருப்புப் பஞ்சு முட்கள் பதித்த இரும்பு அறை. வெளியிலிருந்து ஒரு சிக்னலும் உள்ளே வராது. சத்தமும் வராது. அதனால் டென்சில் கேட்டது எனக்குக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை லேபிலிருந்து யாராவது பான்ட்ரி அம்மாவிடம் பீட்சா சூடு பண்ணச் சொன்னீர்களா என்று கேட்டாராம். பக்கத்து பெஞ்சுக்காரன் சொன்னான். "இல்லன்னு சொல்லிட்டேன். உன்னைக் கூப்பிட்டார், நீ டெஸ்ட்ல இருக்கன்னேன்."

மூன்று மணிக்கு காபி எடுக்கப் போனேன். செல்லக்கிளி அக்கா காபி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் வீங்கியிருந்தது. யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, நான் லேப் தம்பி சொல்லிச்சுன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். எந்தத் தம்பின்னு அவன் கேக்கவே இல்ல. 'கம்பெனி ஆளுங்க பேரை இழுக்காத, நமக்குக் கான்ட்ராக்ட் போயிடும்'ன்றான். நீங்க ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் சொன்னா எடுபடல."

"சொல்றேன்க்கா."

"எப்போ?"

"இந்த டெஸ்ட் முடியட்டும்."

"அது எப்போ முடியும்?"

"முடிஞ்சதும் சொல்றேன்னேன்ல."

கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மெஷினைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே.

செப்டம்பர் 24, செவ்வாய்

டெஸ்ட் முடிந்தது. மழை. பான்ட்ரியில் வேறு ஒரு அக்கா.

செப்டம்பர் 25, புதன்

டென்சிலிடமிருந்து மாடிக்கு மெயில். பார்ட்டியில் மீந்த உணவை அனுமதியில்லாமல் எடுத்து உண்ட, சைவ மைக்ரோவேவை அசுத்தப்படுத்திய துப்புரவுப் பணியாளர் நீக்கப்பட்டுவிட்டார். ஊழியர்களின் நம்பிக்கைக்கு நிர்வாகம் மதிப்பளிக்கிறது.

எடுத்து உண்ட. இது எங்கிருந்து வந்தது?

சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு. "பாவம், பசிக்கு எடுத்திருப்பாங்க" என்றாள் ஒருத்தி. "கேட்டா குடுத்திருப்போமே" என்றான் இன்னொருவன். "பாவம்தான், ஆனா பர்ஸை எல்லாம் வெளிய வைக்காதீங்க இனிமே" என்றான் மூன்றாவது ஆள். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அறைக்கு வந்ததும் உட்கார்ந்து ஒரு மெயில் எழுதினேன், மாடி முழுக்க அனுப்ப. மைக்ரோவேவ் எப்படி வேலை செய்கிறது, ஒரு பாத்திரத்தின் அடியில் ஒட்டியது ஏன் உள்ளே போகாது, ஸ்டிக்கர் பிரிவினைக்கு ஏன் தொழில்நுட்ப அடிப்படை இல்லை. படம் வரைந்து சேர்த்தேன். நல்ல மெயில். ஃபைசலிடம் படிக்கக் கொடுத்தேன்.

முழுதும் படித்தான். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தான்.

"'மேற்படி பீட்சா சூடுபடுத்தப்பட்டது.' யாரால?"

"அது தேவையில்ல இங்க."

"அந்த அக்கா வேலை போனது இந்தப் படத்துல எங்கடா வருது?"

"தப்பே நடக்கலன்னு நிரூபிச்சா அவங்க வேலை தானா திரும்பி வந்துரும்."

"தப்பு நடக்கலயா?" லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான். "டேய், உங்க ஊர்ல எல்லாரும் இப்படித்தானா, இல்ல உனக்கு மட்டும் ஸ்பெஷலா செஞ்சு அனுப்பினாங்களா? ஒரு பொம்பளைய சோத்துத் திருடின்னு சொல்லிட்டாங்க. நீ அலை, தண்ணின்னு படம் போடற."

"எனக்கு கன்ஃபர்மேஷன் அடுத்த வாரம்."

"ஆங். இதை மெயில்ல போடு. இதுதான் மேட்டர்."

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டான். நான் மெயிலை அழித்தேன்.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பதிவு தப்பு. வெள்ளிக்கிழமை தட்டைக் கொண்டுவந்து கொடுத்ததும் அக்கா, "உள்ள கொஞ்சம் ஊத்திகிச்சு, போய்த் தொடச்சிட்டு வந்துடறேன்" என்றார். "அப்புறம் தொடைக்கலாம். முதல்ல ஆறாவது மாடில மிளகாய்த்தூள் பாக்கெட் இருக்கும், ரெண்டு எடுத்துட்டு வாங்க" என்று மாடிப்படிக்கு அனுப்பினேன். அந்த இடைவெளியில்தான் நெல்லையப்பன் சார் டப்பாவை வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை சேம்பர் கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. கேபிள் வெளியே போக விரல் அகலம் திறந்திருந்தது. டென்சில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது.

செப்டம்பர் 26, வியாழன்

நெல்லையப்பன் சார் கேபினுக்குப் போனேன். உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே சொல்வது சுலபம்.

"சார், அந்தப் பீட்சா என்னுது. நான்தான் பச்சைல வைக்கச் சொன்னேன். தொடைக்கப் போனவங்களையும் நான்தான் வேற வேலைக்கு அனுப்பினேன். அவங்க எடுத்துச் சாப்பிடல."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆச்சரியப்படுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"உள்ள ஒரு பேப்பர் கப்புல தண்ணி இருந்துது" என்றார். "வெள்ளிக்கெழமயே பாத்துட்டேன். இந்த மாடில பீட்சாவுக்குத் தண்ணி வைக்கிற ஒரே கோட்டிக்காரப் பய நீதான். எனக்கே அரமணி நேரம் பாடம் எடுத்திருக்க. நீ எப்ப வந்து சொல்லுதன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாயும் சும்மா இருக்கவில்லை.

"அப்போ அவங்கள அனுப்பறப்ப நீங்க ஏன் சார் சொல்லல?"

அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "அனுப்புவாங்கன்னு நெனைக்கல" என்றார் கடைசியில். "மெயில் வந்த பொறவுதான் தெரியும்."

"மெயில் நேத்தே வந்துருச்சுங்க சார்."

"தெரியும்லே!" மேசையில் ஓங்கித் தட்டினார். வெளியே தலைகள் திரும்பின. குரலைத் தணித்துக்கொண்டார். "எம் பொண்டாட்டிக்குத் திங்கக்கெழம வயித்தக் கிழிக்கப் போறாங்க. நான் மாசம் பூரா வாயக் கட்டணும்னு இருந்தேன், அதுவும் போச்சு. யார் மேலயாச்சும் ஆத்திரம் வேணும்னு இருந்துது எனக்கு. உன் மேல ஒண்ணு, அந்தப் பொம்பள மேல ஒண்ணு. போதுமா?"

போதவில்லை. ஆனால் அதைச் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குத் தோன்றியதைச் சொல்லாமல் இருந்தேன், பயத்தால் இல்லாமல்.

"டப்பாக்குள்ள எதுவும் போகலைங்க சார். நிஜமாவே" என்றேன்.

"எனக்கு அது தெரியாமலா இருக்கு? நானும் இன்ஜினியர்தாம்ல" என்றார். "வாலே, டென்சில்ட்ட போவோம்."

டென்சில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஓ, நீயா? சரி விடு பரிதி, இனிமே பண்ணாத."

அவ்வளவுதான். எனக்கு, இனிமே பண்ணாத.

"அப்போ அந்த அம்மா?" என்றார் நெல்லையப்பன் சார்.

"சார், அது கான்ட்ராக்டர் முடிவு. ரீப்ளேஸ்மென்ட் வந்தாச்சு. அந்த லேடியும் ஸ்டாஃப் சொன்னா உடனே செஞ்சிருக்கக் கூடாதில்ல?"

"நான் சொன்னா அவங்க செய்யாம இருக்க முடியுமா?" என்றேன். "நேத்துப் போட்ட மெயில் பொய். மாத்திப் போடுங்க. என் பேரைப் போட்டு."

"உன் பேரைப் போட்டா எச்.ஆர்.க்குப் போகும். ரைட்டிங்ல வார்னிங் வரும், ப்ரொபேஷன் நீளும். யோசிச்சுக்கோ."

"போடுங்க."

நெல்லையப்பன் சார் என்னைத் தடுப்பார் என்று ஒரு விநாடி நினைத்தேன். தடுக்கவில்லை. "அவன் சொல்லுததப் போடும்" என்று டென்சிலிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

மாலையில் மெயில் வந்தது. அதில் என் பெயர் இருந்தது. ஃபைசல் தூரத்திலிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். பக்கத்து பெஞ்சுக்காரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

டென்சிலிடம் நம்பர் வாங்கிச் செல்லக்கிளி அக்காவுக்குப் போன் பண்ணினேன். நல்ல செய்தி சொல்கிறவன் மாதிரிதான் ஆரம்பித்தேன். அசடு.

"சொல்லிட்டேன்க்கா. நெல்லையப்பன் சார்ட்ட, டென்சில்ட்ட. மெயிலே போட்டாச்சு."

"யாருக்கு மெயிலு?"

"மாடி முழுக்கங்க்கா."

"எனக்கு மெயில் வருமா தம்பி?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வெள்ளிக்கெழம அன்னிக்கே சொல்லிருந்தா சாட்சி. இப்ப சொன்னா வெறும் சேதி" என்றார். "சூப்பர்வைசர் குமரவேலு என்னை எங்க வச்சு சொன்னான் தெரியுமா? கீழ பார்க்கிங்ல, காலைல எல்லாரும் லைன்ல நிக்கசொல்ல. பேர் கூப்புடுற டைம்ல. 'ஆபீஸ் பீட்சாவ எடுத்துத் தின்னுட்டு சார்ங்க மேல பழி போடுது, இது வேற எந்த பில்டிங்குக்கும் வேணாம்'ன்னான். என் கொழுந்தன் பொண்டாட்டி அதே லைன்ல நிக்கிது. எங்க தெரு பொம்பளைங்க நாலு பேர் நிக்கிறாங்க. தண்ணி லாரிகிட்ட போனா, 'இன்னாக்கா, பீட்சா எப்டி இருந்துச்சு'ன்றாங்க."

"அக்கா..."

"எனக்கு அந்தச் சீஸ் வாசனையே ஆவாது, தம்பி. கொமட்டிகினு வரும். மூக்கப் புடிச்சுகினுதான் உனுக்கு சூடு பண்ணேன். அதத் திருடித் தின்னேனாம். ஒரு பிரியாணின்னாகூட மனசு ஆறும்."

சிரிக்கிறாரா அழுகிறாரா என்று போனில் தெரியவில்லை.

"நான் என்ன செய்யணும் சொல்லுங்க" என்றேன்.

"நாளிக்குக் காலைல வா. எங்க வச்சு அவன் சொன்னானோ அங்க வச்சுச் சொல்லு. நானும் வந்து நிக்கிறேன். வருவியா, டெஸ்டு இருக்கா?"

செப்டம்பர் 27, வெள்ளி

போனேன்.

எங்கள் கட்டடத்தில் இப்படி ஒரு இடம் இருப்பது எனக்குத் தெரியாது. என் பைக்கைத் தினமும் அங்கேதான் நிறுத்துகிறேன். ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்தில், தூண்களுக்கு நடுவே, நீலக் கோட்டு போட்டவர்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். எல்லா மாடிக்கும் உரியவர்கள். குமரவேல் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். செல்லக்கிளி அக்கா கோட்டு இல்லாமல், பூப்போட்ட சேலையில், வரிசைக்கு வெளியே தூணை ஒட்டி நின்றார். என்னைப் பார்த்தும் அசையவில்லை.

குமரவேல் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். "சார், நீங்க எதுக்கு இங்க? மெயில் பத்தி டென்சில் சார் சொல்லிட்டாரு. நான் அந்தம்மாகிட்ட தனியா பேசிக்கிறேன், நீங்க மேல போங்க சார்."

"தனியா வேண்டாம். நான் இவங்ககிட்டப் பேசணும்."

"டைம் ஆவுது சார், எல்லாரும் டூட்டி ஏறணும்."

"ஒரு நிமிஷம். நீங்க அன்னிக்கு எவ்ளோ நேரம் எடுத்துக்கிட்டீங்க?"

விலகி நின்றார்.

நான் ப்ரசன்டேஷன் கொடுத்திருக்கிறேன். கிளையன்ட் வெள்ளைக்காரன் குறுக்கே குறுக்கே கேட்டாலும் திணறாமல் பேசியிருக்கிறேன். இங்கே முதல் வார்த்தையையே இரண்டு முறை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. வரிசையில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, எல்லோரும் என் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள்.

"என் பேர் இளம்பரிதி. அஞ்சாவது மாடி லேப்ல இருக்கேன். அந்தப் பீட்சாவைச் சாப்பிட்டது நான். சூடு பண்ணச் சொன்னதும் நான். அக்கா வேணாம்னு சொன்னாங்க, நான் கேக்கல. அவங்க எதையும் எடுக்கல."

பின் வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "இன்னாவாம்?" என்று கேட்டார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"சத்தமா சொல்லு தம்பி" என்றார் செல்லக்கிளி அக்கா தூண் பக்கத்திலிருந்து. "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

முழுக்க, முதலிலிருந்து, கத்திச் சொன்னேன். கூரையில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. கார் நிறுத்திவிட்டு லிஃப்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் மாடிக்காரர்கள் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். பின் வரிசையில் ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். கொழுந்தன் பொண்டாட்டியாக இருக்கலாம். ஒரு கிழவர், "தின்னது இவுரு, தொரத்துனது அவள. நல்லாக்கீதுப்பா" என்றார். யாரோ சிரித்தார்கள். அது என்னைப் பார்த்துத்தான்.

குமரவேல் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அக்காவின் பக்கம் திரும்பாமல் வரிசையைப் பார்த்துச் சொன்னார். "சரி, சரி. மூணாவது மாடிக்கு ஒரு ஆள் கம்மியா இருக்கு. அஞ்சாவதுலயும் பழைய ஆளே வேணும்னா அனுப்பலாம்."

செல்லக்கிளி அக்கா தூணை விட்டு வந்து, முன் வரிசையின் ஓரத்தில், கோட்டு இல்லாமலே நின்றுகொண்டார்.

"மூணாவதே போடு" என்றார். "அஞ்சாவது வேணாம்."